பூட்டு உடையவில்லை, பணம் மட்டும் போகிறது

டிஜிட்டல் பணப் பரிமாற்றம் பாதுகாப்பானதா என்று வங்கிக்காரரிடம் கேட்டால் ஒரு பதில் வரும். பணத்தைப் பறிகொடுத்தவரிடம் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டு பேரும் பொய் சொல்வதில்லை. வங்கிக்காரர் கணினியைப் பற்றிப் பேசுகிறார், மற்றவர் தன் கணக்கில் மிச்சமிருக்கும் தொகையைப் பற்றிப் பேசுகிறார்.

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானபோது அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் வெறும் காகிதமானது. அதன்பிறகுதான் 'பணமில்லாப் பொருளாதாரம்' என்ற பேச்சு ஊரெல்லாம் கேட்டது. இன்று இளநீர்க்காரர் வண்டியிலும் க்யூஆர் அட்டை தொங்குகிறது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. ஆனால் ரொக்கமும் எங்கேயும் போய்விடவில்லை. 2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்தது ஏறக்குறைய 18 லட்சம் கோடி ரூபாய். 2025 மார்ச் கடைசியில் அது 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. ஜனங்கள் ஜிபேயும் செய்கிறார்கள், பீரோவில் நோட்டும் வைத்திருக்கிறார்கள். அது புத்திசாலித்தனம் என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யுபிஐயின் பூட்டு நல்ல பூட்டு. புதிய போனில் ஆப்பைத் திறந்ததும் அந்த சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி தானாகப் போய், இந்த எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்கிறது. பணம் அனுப்ப பெரும்பாலும் பின் நம்பர் வேண்டும். அந்த நம்பரை அடிக்கிற பக்கம் ஆப் கம்பெனியுடையதே கிடையாது. அது யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் பக்கம். அங்கே நாம் என்ன அடிக்கிறோம் என்பது ஆப்புக்குத் தெரியாது. புதிதாகப் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியாது. நிறைய பேர் எரிச்சல்படும் கட்டுப்பாடு இது. எத்தனையோ பேரின் பணத்தைக் காப்பாற்றியிருக்கும்.

வங்கிகளின் கணினியே உடைக்கப்பட்ட கதைகளும் உண்டு. 2016-ல் ஏடிஎம் சேவை நடத்திய ஒரு நிறுவனத்தின் கணினியில் தீநிரல் (மால்வேர்) புகுந்து, சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளுக்கு ஆபத்து வந்தது. 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்தைத் தலைமையகமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் (வெளிநாட்டு வங்கிகளோடு பணம் பரிமாற உதவும் வலை) இணைப்பு வழியாக ஏறக்குறைய 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக்குக் கடத்தப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில் 94 கோடி ரூபாய் போனது. 2024 ஜூலை கடைசியில் சிறு வங்கிகளுக்குக் கணினிச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தை ரான்சம்வேர் என்ற, கணினியைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியதும், சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் பரிவர்த்தனை இணைப்பை என்பிசிஐ தற்காலிகமாகத் துண்டித்தது. இவையெல்லாம் பெரிய சம்பவங்கள்தான். ஆனால் இவற்றில் அடி வாங்கியது பெரும்பாலும் வங்கிகள். உங்கள் தெருவில் பணம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருவர்கூட இப்படி இழந்திருக்க மாட்டார். அவர்களிடம் வந்தவன் பூட்டை உடைக்கவில்லை. வீட்டுக்காரரையே திறக்க வைத்தான்.

கடைக்காரர்களுக்கு இது வேறு ரூபத்தில் வருகிறது. மதுரையில் என் மைத்துனருக்கு மளிகைக் கடை. சாயங்காலக் கூட்டத்தில் ஆள் போதாவிட்டால் நான் கல்லாவில் உட்காருவேன். ஆறரை மணிக்கு மேல் ஒரே நேரத்தில் நாலு பேர் ஸ்கேன் செய்வார்கள். யார் போனில் என்ன தெரிகிறது என்று எட்டிப் பார்க்கவெல்லாம் முடியாது. இந்த இடத்தைத்தான் போலி ஆப் குறிவைக்கிறது. பார்க்க அச்சு அசல் உண்மையான ஆப் மாதிரியே இருக்கும். கடைப் பெயரையும் தொகையையும் அடித்தால் டிக் குறி வரும், சத்தமும் வரும். பணம் மட்டும் வராது. இரண்டு லிட்டர் எண்ணெய், அரிசி சிப்பம் என்று வாங்கிக்கொண்டு போனை ஆட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ராத்திரி கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அப்புறம்தான் பேசும் பெட்டி வந்தது. இப்போது எங்கள் கடையில் போன் திரையை யாரும் மதிப்பதில்லை.

"அனுப்பிட்டேண்ணே, இந்தா பாருங்க."

"பெட்டி சொல்லட்டும் தம்பி. செத்த நில்லு."

பெட்டி தமிழில் தொகையைச் சொன்ன பிறகுதான் பை கை மாறும். நெட்வொர்க் மந்தமாக இருந்தால் நல்ல மனிதர்களும் திருடனைப் போல நிற்க வேண்டியிருக்கிறது. சிலர் கோபித்துக்கொண்டு ரொக்கத்தை வீசிவிட்டுப் போவதும் உண்டு. பணம் அவர் கணக்கில் கழிந்து எங்களுக்கு வராமல் நடுவில் தொங்கினால் இன்னும் சங்கடம். இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. கடைக்குச் செலுத்திய பணம் இப்படிச் சிக்கினால் ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு நஷ்டஈடு. இதைக் கேட்டு வாங்கிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டிக்கு மாத வாடகை உண்டு. யுபிஐ இலவசம், ஆனால் ஏமாறாமல் இருப்பதற்கான செலவு மளிகைக் கடைக்காரர் தலையில். அதோடும் முடிவதில்லை. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்க்கிலும் க்யூஆர் அட்டை மேல் வேறொருவரின் அட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். வாடிக்கையாளர் சரியாகத்தான் கட்டுகிறார், பணம் வேறு எங்கோ போகிறது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து மைத்துனர் காலையில் கடை திறந்ததும் அட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்.

சரி, கடையில் போவது ஐநூறும் ஆயிரமும். வீட்டில் இருப்பவர்களிடம் போவது லட்சக்கணக்கில்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு நாள் செய்தி வந்தது. போன மாத மின்கட்டணம் பதிவாகவில்லை, இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணில் தொடர்பு கொள்ளவும். இதே வாசகம் நாடு முழுக்கச் சுற்றிய வாசகம்தான். பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாக, "அம்மா, கவலைப்படாதீங்க" என்றே பேசியிருக்கிறான். மின்வாரிய ஆப் என்று ஒரு ஃபைலை அனுப்பினான். அதில் 10 ரூபாய் மட்டும் கட்டினால் கணக்கு புதுப்பிக்கப்பட்டுவிடும் என்றான். டீச்சர் கார்டு எண்ணைப் போட்டுக் கட்டினார். அந்த ஃபைலின் உண்மையான வேலை, அவர் போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை அவனுக்குக் கடத்துவது. மறுநாள் மருந்து வாங்க ஏடிஎம்முக்குப் போனபோதுதான் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருப்பது தெரிந்தது.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணை அழைத்தோம். அங்கே விவரங்களை வாங்கிக்கொண்டு புகார் எண் கொடுத்தார்கள். பிறகு வங்கிக்குப் போனோம். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை, எதுவாக இருந்தாலும் இதே உரையாடல்தான் நடந்திருக்கும்.

"ஓடிபி உங்க நம்பருக்குத்தாம்மா வந்திருக்கு. அதைப் போட்டுத்தான் பணம் போயிருக்கு. சிஸ்டத்துல எல்லாம் கரெக்டா இருக்கு."

"நான் யாருக்குமே சொல்லலையே தம்பி."

"சொல்லாம எப்படிம்மா போகும்?"

அந்தத் தம்பி கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். ஆனால் அவர் திரையில் பச்சை விளக்கு எரிந்தது, அதனால் குற்றம் டீச்சருடையது. ஓடிபியை வாயால் சொல்லாமலே திருட முடியும் என்பது அந்த மேஜையில் யாருக்கும் தோன்றவில்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரும் வங்கியும் தவறு செய்யாமல் இடையில் மூன்றாம் ஆள் புகுந்து பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு பூஜ்யம். நாலிலிருந்து ஏழு நாள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து 5,000 முதல் 25,000 ரூபாய் வரைதான் அவர் பொறுப்பு. புகார் வந்த பத்து வேலை நாளில் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. படிக்கப் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு சொல் உட்கார்ந்திருக்கிறது: அலட்சியம். வாடிக்கையாளர் அலட்சியமாக ரகசிய விவரத்தைப் பகிர்ந்திருந்தால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் அவர் கணக்கில்தான். எல்லா மோசடியும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஏனென்றால் ஏமாற்றுகிறவனின் தொழிலே உங்களை ஏதாவது ஒன்றைச் செய்ய வைப்பதுதான். நாலு பேர் சேர்ந்து, எழுதி வைத்த வசனத்தைப் பேசி, போலி ஆப் தயாரித்து ஒரு எழுபது வயதுப் பெண்மணியை ஏமாற்றினால், அதற்குப் பெயர் அவருடைய அலட்சியமா?

சுற்றறிக்கையை அச்செடுத்து, கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தோம். முப்பது நாள் பதில் இல்லாததால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். 1930 வழியாக எங்கோ ஒரு கணக்கில் தடுத்து நிறுத்தப்பட்ட சிறு தொகை திரும்பி வந்தது. மீதி இன்னும் கடிதப் போக்குவரத்தில் இருக்கிறது.

இந்த 'எங்கோ ஒரு கணக்கு' என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திருடிய பணம் காற்றில் போவதில்லை. அது இன்னொரு வங்கியில், ஆதாரும் பான் கார்டும் கொடுத்துத் திறந்த ஒரு கணக்குக்குத்தான் போகிறது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட கல்லூரிப் பையன், கூலித் தொழிலாளி, கடனில் மூழ்கிய ஒருவர் என்று யாராவது இருப்பார்கள். பணம் நிமிடங்களில் ஐந்தாறு கணக்குகளுக்குத் தாவிவிடும். ஒரு காலத்தில் போன் மோசடி என்றால் ஜார்க்கண்டின் ஜாம்தாராதான். இன்று இந்தத் தொழில் கம்போடியா, மியான்மர் வரை நீள்கிறது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் அடைபட்ட தமிழக இளைஞர்களை 2022-ல் மீட்டுக் கொண்டுவந்தார்களே, அவர்களை வைத்துச் செய்யப் பார்த்ததும் இதே வேலைதான். மக்களவையில் அரசு கொடுத்த கணக்குப்படி சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 2023-ல் 7,465 கோடி ரூபாய், 2024-ல் 22,845 கோடி. முதலீட்டு மோசடி, போலீஸ் வேடத்தில் வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் 'டிஜிட்டல் கைது' எல்லாம் சேர்ந்த தொகை இது, யுபிஐ மட்டுமில்லை. ஆனாலும் ஒரே ஆண்டில் மூன்று மடங்கு.

மாதம் எட்டாயிரம் ரூபாய் புழங்கிய கணக்கில் திடீரென்று ஒரு மதியத்தில் பன்னிரண்டு லட்சம் வந்து, அடுத்த அரை மணியில் காலியானால் அதைக் கவனிக்க வேண்டியது யார்? டீச்சரா? ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் இப்படிப்பட்ட கணக்குகளை மோப்பம் பிடிக்க 'மியூல்ஹன்டர்' என்ற மென்பொருளை உருவாக்கியிருப்பதாக 2024 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. நல்ல விஷயம். ஆனால் மோப்பம் பிடிக்காவிட்டால் வங்கிக்கு என்ன நஷ்டம்? இப்போதைக்குப் பெரிதாக எதுவுமில்லை.

பிரிட்டனில் இதைத் தலைகீழாக மாற்றியிருக்கிறார்கள். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே பணம் அனுப்பியவருக்கும் வங்கிகள் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, வாங்கிய வங்கி பாதி. இரண்டாவது பாதிதான் கவனிக்க வேண்டியது. திருடனுக்குக் கணக்கு திறந்துகொடுத்த வங்கியும் கை நஷ்டம் அடையும். மக்கள் பொய்ப் புகாராகக் கொடுத்துத் தள்ளுவார்களே என்று நம்மூர் வங்கிகள் கேட்கும். அங்கேயும் கேட்டார்கள். பொய்ப் புகாருக்குப் பணம் கிடையாது, மிக மோசமான கவனக்குறைவுக்கும் கிடையாது, முதல் 100 பவுண்டு வரை வங்கி பிடித்துக்கொள்ளலாம் என்று வரம்பு கட்டிவிட்டார்கள்.

இங்கே அதைச் செய்ய இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. மைத்துனருக்கு அது பெரிய உதவி. ஆனால் வங்கிக்கு ஒவ்வொரு ஜிபேயும் செலவு. சிறு வியாபாரிகளின் பரிவர்த்தனைக்காக 2024-25-க்கு மத்திய அரசு ஒதுக்கிய ஊக்கத்தொகை 1,500 கோடி ரூபாய். அதே 2024-ல் மக்கள் இழந்த தொகையை மேலே சொன்னேன், பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருமானமில்லாத சேவைக்கு எந்த வங்கியும் ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் போட்டுக் கண்காணிக்காது. பெரிய நிறுவனங்களிடம் ஒரு சிறு கட்டணம் வாங்கி, அதை மோசடி இழப்புக்கான நிதியாக வைக்கலாம் என்பது என் கட்சி. இலவசம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மவுசு தெரிந்துதான் சொல்கிறேன்.

இன்னொரு பயம் இருக்கிறது, இதைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம் பேசுவதில்லை. கணக்கு முடக்கம். யாரோ ஒரு திருடன் உங்கள் கடையில் டீ குடித்துவிட்டு, திருடிய பணத்திலிருந்து ஜிபே செய்கிறான். விசாரணையில் பணம் போன பாதையைத் தொட்டுக்கொண்டே வரும் வேறு மாநிலப் போலீஸ், உங்கள் கணக்கையும் முடக்கச் சொல்லிவிடும். 2023-ல் கேரளாவில் ஏராளமான சிறு வியாபாரிகளுக்கு இது நடந்து, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. டெல்லியில் சோலே பட்டூரே விற்பவரின் கணக்கு முழுவதையும் முடக்கினார்கள். அவருக்கு வந்த சந்தேகப் பணம் 105 ரூபாய். அந்தத் தொகையை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதியை விடுங்கள் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்த மனிதர் கோர்ட் வாசலையே பார்த்திருக்க மாட்டார். ஏமாந்தவரைக் காப்பாற்ற ஒரு விரைவு வழி வேண்டும்தான், ஆனால் அதன் மறுமுனையில் ஒரு தள்ளுவண்டிக்காரர் பல மாதம் முதலில்லாமல் நிற்கக்கூடாது.

ரொக்கத்தைப் பற்றி முதலில் சொன்னதற்கு வருகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது மின்சாரமும் போன் சிக்னலும் சேர்ந்தே போயின. கணக்கில் பணம் வைத்திருந்தவர்கள் பால் பாக்கெட் வாங்க நூறு ரூபாய்க்கு அலைந்தார்கள். புயல் வேண்டாம், வெயில் காலத்திலேயே 2025 மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் யுபிஐ நாடு முழுக்கத் தடுமாறியது. ஏப்ரல் 12 சனிக்கிழமை, கடையில் அன்று நோட்டுப் புத்தகத்தில் கடன் எழுதியே ஒரு பக்கம் நிறைந்தது. நோட்டே இல்லாமல் வாழப் பழகிய நார்வே 2024 அக்டோபரில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, கடைகளில் ரொக்கம் கொடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்று. நமக்கு அந்தச் சட்டம் இன்னும் தேவைப்படவில்லை. ஆனால் 'ஆன்லைன் மட்டும்' என்று பலகை வைக்கும் கடைகள் நம்மூரிலும் தலைகாட்டுகின்றன. அங்கே நான் வேண்டுமென்றே நோட்டை நீட்டுவேன்.

ஆக, கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காய்கறி, பெட்ரோல், ஆட்டோ, டீ என்றால் தாராளமாக ஸ்கேன் செய்யுங்கள். பஸ் நிலையத்தில் பர்ஸ் போவதைவிட அது பாதுகாப்பு. ஆனால் பென்ஷன் வரும் கணக்கையும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த கணக்கையும் போனோடு இணைக்காதீர்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் என்ற உச்சவரம்பு, பத்தொன்பது வயது மாணவனுக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் ஒரே மாதிரி திறந்திருக்கிறது. சில வங்கி ஆப்களில் அதைக் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே பொறுமை வேண்டும். கணக்கு திறக்கும்போதே வரம்பை ஐந்தாயிரத்தில் வைத்துவிட்டு, வேண்டியவர் ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால் என்ன குறைந்துவிடும்?

டீச்சர் இப்போது இரண்டு கணக்கு வைத்திருக்கிறார். பென்ஷன் கணக்குக்கு கார்டும் இல்லை, ஆப்பும் இல்லை. மாதம் பிறந்ததும் வங்கிக்கு நேரில் போய் சலான் எழுதி ஐயாயிரத்தைச் சின்னக் கணக்குக்கு மாற்றுகிறார். கவுன்டரில் இருக்கும் பெண், "இதுக்கெல்லாம் எதுக்கும்மா நேர்ல வர்றீங்க, ஆப்லயே பண்ணலாமே" என்று ஒவ்வொரு மாதமும் கேட்கிறாராம்.

"போன பணத்தை நீங்க தர்றதா இருந்தா சொல்லுங்க, பண்றேன்" என்று இவரும் ஒவ்வொரு மாதமும் சொல்கிறார்.